குத்து தொடங்குவது குதிகாலில்: சண்டையிடும் கதாபாத்திரங்களை வரைதல்

(திரையில்: அருகருகே இரண்டு கோட்டோவியங்கள். இரண்டிலும் ஒருவன் கையை நீட்டிக் குத்துகிறான்.)

வணக்கம். இந்த இரண்டு ஓவியங்களிலும் கை ஒரே அளவு நீண்டிருக்கிறது; முஷ்டியும் ஒரே உயரத்தில் இருக்கிறது. ஆனாலும் இடப்பக்கத்தில் இருப்பவன் சுவரிலுள்ள மின்விசையை அழுத்துபவனைப் போலத் தெரிகிறான். வலப்பக்கத்தில் இருப்பவனோ எதிரியைச் சாய்க்கப் போகிறான் என்று பார்த்த மாத்திரத்தில் நம்பிவிடுகிறோம். காரணத்தைத் தேட ஓவியத்தின் அடிப்பகுதிக்குப் போக வேண்டும்.

(திரையில்: வலப்பக்க ஓவியத்தின் பின்கால் பெரிதாகிறது.)

அவனுடைய பின்காலின் குதிகால் தரையை விட்டு எழும்பி வெளிப்புறமாகத் திரும்பியிருக்கிறது. அந்தத் திருப்பம் இடுப்பைச் சுழற்ற, இடுப்பு விலாக்கூட்டை இழுக்க, விலாக்கூட்டின் பின்னால் தோள் வர, எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் முஷ்டி போய்ச் சேர்கிறது. எனவே கையை முதலில் வரைந்துவிட்டு உடலை அதற்குப் பொருத்தும் பழக்கத்தைக் கைவிடுங்கள். பின்பாதத்தில் தொடங்கி முஷ்டியில் முடியும் ஒரே நீண்ட வளைகோட்டை முதலில் இழுத்து, உடலை அதன்மேல் கட்டுங்கள். ஓவியர்கள் இதைச் செயல்கோடு என்பார்கள்.

பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில், ஏறத்தாழ கி.மு. 100ஆம் ஆண்டைச் சேர்ந்த ‘போர்கேசே கிளாடியேட்டர்’ என்னும் பளிங்குச் சிலை இருக்கிறது. எபேசு நகரத்துச் சிற்பி அகாசியாஸ் அதில் தம் பெயரைப் பொறித்திருக்கிறார். பின்னால் நீண்ட இடக்காலிலிருந்து உயர்த்திய இடக்கை வரை அந்த உடல் முழுவதும் ஒரே சாய்கோடாக ஓடுகிறது. வாளோ கேடயமோ இன்று அந்தக் கைகளில் இல்லை. இருந்தும் அவன் போரிடுகிறான் என்பதில் யாருக்கும் ஐயம் எழாது. செயல்கோட்டைக் கற்க இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது என்றே கருதுகிறேன்.

(திரையில்: உருவத்தின் வயிற்றிலிருந்து தரைக்கு ஒரு செங்குத்துக்கோடு இறங்குகிறது.)

அடுத்தது எடை. நேராக நிற்கும் மனிதரின் ஈர்ப்பு மையம் தொப்புளுக்குச் சற்றுக் கீழே அமைந்திருக்கும். உடல் வளையும்போது அதுவும் இடம் மாறும். அங்கிருந்து இறங்கும் செங்குத்துக்கோடு இரு பாதங்களுக்கு நடுவே விழுந்தால் அவர் உறுதியாக நிற்கிறார். பாதங்களைத் தாண்டி விழுந்தால், அடுத்த கணமே ஓர் அடி எடுத்து வைக்க வேண்டும், இல்லையேல் விழ வேண்டும். பாயும் கதாபாத்திரம் அசையாமல் உறைந்து நிற்பதுபோல் தோன்றினால், இந்தக் கோட்டைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

(திரையில்: ஒரே குத்தை வீசும் மூன்று உருவங்கள். எவருக்கும் முகம் வரையப்படவில்லை.)

இனி, உணர்ச்சி. பயிற்சி பெற்றவர் குத்தும்போது தாடை தாழ்ந்திருக்கும். குத்தாத கை கன்னத்தைக் காத்து நிற்கும். எடை இரு கால்களின் ஆளுகைக்குள்ளேயே இருக்கும். கோபத்தில் கண்மண் தெரியாமல் பாய்பவருக்கு முழங்கை அகலமாக விரியும், தலை முன்பாதத்தையும் தாண்டிச் செல்லும், மறுகை காவலை மறந்து பின்னால் தொங்கும். அஞ்சியபடி அடிப்பவருக்கோ கை முன்னே போகும்போதே இடுப்பு பின்வாங்கும். தோள்கள் காதுவரை ஏறும். முகம் அடிக்கும் திசையை விட்டு விலகும். இவர்களுக்குப் புருவமோ வாயோ வரையாமலே யார் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிட முடிகிறது. முகத்தை நம்பி உடலை அலட்சியமாக விடுவதுதான் சண்டைக் காட்சிகளில் நான் அதிகம் காணும் குறை. கதாபாத்திரத்தின் குணத்தை முதுகெலும்பிலேயே எழுதிவிடுங்கள், முகம் அதற்குத் துணையாக வரட்டும்.

எந்தக் கணத்தை வரைவது என்பதையும் தீர்மானிக்க வேண்டும். சண்டை வீடியோ கேம்கள் பெரும்பாலும் நொடிக்கு 60 சட்டகங்களில், அதாவது அடுத்தடுத்து வரும் 60 தனிப் படங்களாக, ஓடுகின்றன. ஒரு விரைவான குத்தில் அடி செல்லுபடியாகும் காலம் அவற்றில் சில சட்டகங்களே. அதனால் அனிமேட்டர்கள் அடிக்கு முன் உடல் சுருண்டு திரளும் நிலையையும் அடிக்குப் பின் உடல் கடந்துசெல்லும் நிலையையும் மிகைப்படுத்துகிறார்கள். அடி விழுந்த நொடியில் இரு உருவங்களையும் சற்றே உறையவும் வைக்கிறார்கள். நிலையான ஓவியத்திலும் முஷ்டி தொட்ட கணத்தைவிட அதற்குச் சற்று முன்னரோ பின்னரோ உள்ள கணமே வலிமையானது.

முஷ்டி பார்வையாளரை நோக்கி வந்தால் அதைத் தலையைவிடப் பெரிதாக வரையத் தயங்க வேண்டாம். முன்கை அதன் பின்னால் ஏறத்தாழ மறைந்துவிடும். மணிக்கட்டு நேராகவும் கட்டைவிரல் மடக்கிய விரல்களுக்கு வெளியேயும் இருக்கட்டும். பிறகு உருவம் முழுவதையும் கறுப்பால் நிரப்பிப் பாருங்கள். செயல் புரியவில்லை என்றால் கைகளை உடலிலிருந்து விலக்குங்கள்.

(திரையில்: அடி வாங்கும் உருவம் மெதுவாகப் பின்னோக்கிச் சாய்கிறது.)

அடி வாங்குபவருக்கும் இதே வரிசை உண்டு, தொடங்கும் இடம்தான் வேறு. தாடையில் குத்து விழுந்தால் முதலில் தலை திரும்பும், அதைத் தொடர்ந்து கழுத்தும் தோளும் இழுபடும். கைகளும் தலைமுடியும் இன்னும் பழைய இடத்திலேயே பின்தங்கியிருக்கும், கால்களுக்கோ செய்தி கடைசியாகத்தான் போய்ச் சேரும்.