பிக்காடிலியில் திறந்த கதவு

அவைத் தலைவர் அவர்களே, கிளை நூலகர் அம்மா அவர்களே, இந்த வெயிலிலும் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, வாசகர் வட்டத் தோழிகளே, வணக்கம். காலையிலிருந்து நாற்காலி சுமந்த தம்பிகளுக்கும் என் நன்றி.

லண்டனில் பெண்களுக்கென்று பிறந்த லைசியம் கிளப் பற்றி இரண்டு செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். அது பிறந்த கதை, அது கடல் தாண்டிய கதை.

அதைத் தொடங்கிய கான்ஸ்டன்ஸ் ஸ்மெட்லி பர்மிங்காமில் பிறந்த எழுத்தாளர். பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைத்த பெண்கள் அன்று லண்டனில் பலர் இருந்தார்கள். குடியிருந்தது வாடகை அறை. ஒரு பதிப்பாளரைச் சந்தித்துப் பேசக் கௌரவமான இடம் கிடையாது. ஆண்களுக்கோ பிக்காடிலித் தெரு நெடுகக் கிளப்புகள். அதே தெருவில், 128ஆம் எண் கட்டடத்தில், 1904இல் லைசியம் திறந்தது. ஊர் கூடித்தான் தேர் இழுக்கணும் என்பார்கள். ஸ்மெட்லியின் தந்தை பணம் கொடுத்தார், தோழிகள் உழைப்பைக் கொடுத்தார்கள், பிரான்சிஸ் பால்ஃபர் சீமாட்டி தலைமை ஏற்றார். நூலகம், ஓவியக் கூடம், சாப்பாட்டு அறை, வெளியூர்ப் பெண்கள் தங்கப் படுக்கையறைகள் எல்லாம் அங்கே இருந்தன. அப்புறம் பெர்லின், பாரிஸ், ஃப்ளாரன்ஸ் என்று கிளைகள்.

இங்கே என் பெரியம்மாவைச் சொல்லாமல் போக முடியாது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். மளிகைப் பொட்டலம் வந்தால் பருப்பைக் கொட்டிவிட்டுக் காகிதத்தை நீவி நீவிப் படிப்பார். ஒருநாள் ஒரு தொடர்கதைப் பக்கம். கதாநாயகி கிணற்றடியில் நிற்கிறாள், அத்தோடு தாள் கிழிந்திருக்கிறது. "போடி, இன்னும் கால் கிலோ பொட்டுக்கடலை வாங்கிட்டு வா" என்றார். போனேன். வேறு பக்கம் வந்தது. மறுநாள் கடுகு, அடுத்த நாள் மல்லி. விஷயம் தெரிந்ததும் கடைக்காரர் அண்ணாச்சி மிச்சக் காகிதக் கட்டையே தூக்கிக் கொடுத்துவிட்டார். கிணற்றடிப் பெண் என்ன ஆனாள் என்பது அதிலும் இல்லை. நூலகம் எங்கள் வீட்டிலிருந்து நாலே தெரு. பெரியம்மா அதன் படியேறியதே இல்லை. உள்ளே ஆண்கள் உட்கார்ந்திருப்பார்களே என்பார்.

இன்றும் நம் கிளை நூலகத்தில் மாலை ஆறு மணிக்கு மேல் பெண்களைப் பார்க்க முடிகிறதா? பின்பக்க அறை பூட்டியே கிடக்கிறது. அதைப் பெண்கள் வாசிப்பறையாக்கி, இரவு எட்டு வரை திறந்து, ஒரு கழிப்பறையும் கட்டித் தர வேண்டும். நகர்மன்ற உறுப்பினர் அவர்கள் மனது வைக்க வேண்டும். ஆனால் ஊர் கூடித்தான் தேர் இழுக்கணும். மனு வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவும் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேநீருக்குப் போங்கள்.