அடுத்த அறையில் ஜூக்பாக்ஸ்

எல்லாருக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் கரகரவென்று இருக்கிறது, பரவாயில்லை, மாற்ற வேண்டாம். நான் பேசப்போகிற மனிதருக்கும் கடைசி இருபது வருஷம் குரல் அப்படித்தான் இருந்தது.

போன கூட்டம் முடிந்து வாசலில் டீ குடிக்கும்போது ஒருவர் கேட்டார், "அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டு என்றாலே பாப் டிலனைத்தான் சொல்கிறீர்கள், வேறு ஆளே இல்லையா சார்?" இருக்கிறார். அவர் பெயர் ஜான் பிரைன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், 2020 ஏப்ரலில் லாக்டவுனில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது அவர் இறந்த செய்தியைப் படித்துத்தான் எனக்கு அந்தப் பெயரே தெரியும். செய்தியின் ஓரத்தில் ஒரு வரி, ஆரம்பத்தில் இவர் போஸ்ட்மேனாக இருந்தவர் என்று. தபால் ஆபீஸில் முப்பது வருஷம் ஓட்டியவனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? முன்வரிசையில் நம்ம டிபார்ட்மென்ட் ஆட்கள் நாலு பேர் சிரிக்கிறீர்கள், தெரிகிறது.

1946 அக்டோபர் 10-ஆம் தேதி, சிகாகோவை ஒட்டிய மேவுட் என்ற ஊரில் பிறந்தார். தொழிலாளர்கள் நிறைந்த ஊர். அப்பா பில் பிரைன் தொழிற்சாலைக் கருவிகளும் அச்சுகளும் செய்கிற டூல் அண்ட் டை வேலைக்காரர், தொழிற்சங்கத்தில் தீவிரமானவர். பிழைப்புக்காகக் கென்டக்கி மாநிலத்து மியூலன்பர்க் கவுன்டியை விட்டு வந்த குடும்பம், ஆனால் மனசு மட்டும் அங்கேயே இருந்தது. கோடை விடுமுறை விட்டால் சொந்த ஊர்ப் பயணம், வீட்டில் கன்ட்ரி பாட்டு, அதாவது அமெரிக்கக் கிராமத்துப் பாட்டு. அப்பாவுக்குக் கன்ட்ரி பாடகர் ஹாங்க் வில்லியம்ஸ் என்றால் உயிர், அதனாலேயே பையன் ஹாங்க் வில்லியம்ஸ் பாட்டைக் கற்றுக்கொண்டான், அப்பா முன்னால் வாசித்துக் காட்டலாமே என்று. பதினாலு வயதில் கிடார் சொல்லிக்கொடுத்தது அண்ணன் டேவ்.

பள்ளிக்கூடம் முடிந்ததும் தபால் வேலை. நடுவில் 1966-இல் ராணுவத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த நேரம், கூடப் படித்த பையன்கள் எல்லாம் அங்கே போக, இவரை மேற்கு ஜெர்மனியில் லாரி ரிப்பேர் பார்க்கப் போட்டுவிட்டார்கள். பீர் குடித்ததும் லாரியைச் சரிசெய்கிற மாதிரி நடித்ததும்தான் தன் ராணுவ சேவை என்று பின்னாளில் சொல்லிச் சிரிப்பார். திரும்பி வந்து மறுபடியும் பையைத் தோளில் மாட்டினார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். பீட், அதாவது தெருத்தெருவாகக் கடிதம் போடப் போனவர்களுக்குத் தெரியும், ஒரே தெருக்களில் ஒரு வருஷம் நடந்தால் போதும், கால் தானாகத் திரும்பும், கை தானாகக் கடிதத்தை எடுக்கும், மூளைக்கு மட்டும் வேலையே கிடையாது. பிரைன் அந்த நடையைப் புத்தகமே இல்லாத நூலகத்தில் இருப்பதற்கு ஒப்பிட்டார். அமைதி இருக்கிறது, படிக்கத்தான் எதுவும் இல்லை. அதனால் பாட்டு கட்டினார். சிகாகோவின் குளிர்காற்று முகத்தில் அறைகிறபோது, தெருமுனையில் போஸ்ட்மேன்களுக்காகக் கடிதக் கட்டுகளைப் போட்டு வைக்கிற பெரிய இரும்புப் பெட்டிக்குள் புகுந்துகொண்டு சாண்ட்விச் சாப்பிடுவாராம். பெட்டிக்குள் ஒரு மனிதன் குந்தி உட்கார்ந்து, வாய் மென்றுகொண்டிருக்க, மனசுக்குள் ஒரு வரியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிற காட்சியை நினைத்துப் பாருங்கள். ரீடர்ஸ் டைஜஸ்ட் பத்திரிகை ஒரு சமயம் தேசியக்கொடி ஸ்டிக்கரை இதழோடு சேர்த்து அனுப்பியது. வீடு வீடாக அதைக் கொண்டுபோய்ப் போட்டவர்களில் இவரும் ஒருவர். அப்புறம் பார்த்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஸ்டிக்கர்! போரையும் தேசபக்தியையும் கிண்டலடித்து அவர் எழுதிய பாட்டு அதிலிருந்து வந்ததுதான். கையில் சுமந்த தபாலே பாட்டாகிவிட்டது.

1969. சிகாகோவில் ஃபிஃப்த் பெக் என்று ஒரு சின்ன கிளப். யார் வேண்டுமானாலும் ஏறிப் பாடலாம் என்கிற ராத்திரி ஒன்றில் இவர் பின்னால் உட்கார்ந்து, பாடுகிறவர்களைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டிருக்க, யாரோ கடுப்பாகி, "அவ்வளவு தெரிந்தால் நீ ஏறிப் பாடேன்" என்று சொல்லிவிட்டார். ஏறினார். அதற்கு முன்னால் அந்நியர் எதிரில் பாடியதே இல்லை. அன்று பாடியவை சாம் ஸ்டோன், ஹலோ இன் தேர், பாரடைஸ். முதல் பாட்டு முடிந்தது, கைதட்டல் இல்லை. எல்லாரும் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். இவர் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, தொலைந்தோம் என்று நிற்கிறார். அதற்குப் பிறகுதான் கைதட்டல் வந்தது, வந்தது நிற்கவில்லை. கிளப்காரர் அங்கேயே வேலை கொடுத்துவிட்டார்.

அந்தப் பாட்டுகளில் அப்படி என்ன? சாம் ஸ்டோன் போரிலிருந்து பதக்கத்தோடும் மார்ஃபின் பழக்கத்தோடும் வீடு திரும்பியவனின் கதை, அதுவும் அவன் குழந்தையின் கண் வழியாக. அதில் ஏசுநாதரைப் பற்றி வருகிற ஒரு வரியைப் பாடத் தயங்கி, புகழ்பெற்ற கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ் மாற்றிப் பாடினார். அவ்வளவு பெரிய ஆளே தயங்கிய வரியை எழுதியவர் ஊர்பேர் தெரியாத போஸ்ட்மேன்.

எனக்கு அதைவிட நெருக்கமானது ஹலோ இன் தேர். சின்ன வயதில் பிரைன் ஒரு நண்பனோடு சேர்ந்து முதியோர் இல்லத்தில் அறை அறையாகப் பேப்பர் போட்டிருக்கிறார். அங்கே சிலர், பக்கத்தில் இருக்கிறவர்கள் பார்க்கும்படி, இவரைப் பேப்பர் பையனாக நடத்தாமல், பார்க்க வந்த பேரன் மாதிரி பாவனை செய்வார்களாம். அது மனசில் தங்கி, இருபத்து இரண்டு இருபத்து மூன்று வயதில் பாட்டாக வெளியே வந்தது. பிள்ளைகள் எங்கெங்கோ போய்விட்ட, ஒருவன் கொரியப் போரில் செத்துப்போன, பேச்சே குறைந்துபோன ஒரு வயதான தம்பதி. கிழவர் தன்னோடு ஃபாக்டரியில் வேலை பார்த்தவருக்கு போன் போடலாமா என்று யோசிக்கிறார், அவர் "என்ன விசேஷம்?" என்று கேட்டால் என்ன சொல்வது என்று நினைத்து விட்டுவிடுகிறார். அவ்வளவுதான். அழுகையும் இல்லை, உபதேசமும் இல்லை. இதே வயதுக் கணக்கில்தான் ஏஞ்சல் ஃப்ரம் மான்ட்கோமரி என்று, தன் வயதைவிடக் கிழவியாகிவிட்டதாக உணர்கிற ஒரு நடுத்தர வயதுப் பெண் தானே பேசுகிற பாட்டையும் எழுதினார். 1974-இல் பாடகி பானி ரைட் பாடி அதைத் தன் பாட்டாகவே ஆக்கிக்கொண்டார். பாட்டில் வருகிற பெண்மணியின் சமையலறையில் ஈ பறக்கிற சத்தம்கூட அதில் இருக்கிறது. இருபத்து நாலு வயதுப் பையனுக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், தினமும் நானூறு ஐந்நூறு வாசல் ஏறி இறங்கியவனைக் கேளுங்கள்.

1970 அக்டோபரில் சிகாகோ சன் டைம்ஸின் சினிமா விமர்சகர் ராஜர் ஈபர்ட், பார்க்கப் போன படத்தைப் பாதியில் விட்டு, பாப்கார்னில் உப்பு கரித்ததால் பீர் குடிக்க அந்த கிளப்புக்குள் நுழைந்தார் என்று ஒரு கதை உண்டு. உப்போ படமோ, நுழைந்தவர் எழுதியது சினிமா விமர்சனம் அல்ல, பாடுகிற போஸ்ட்மேனைப் பற்றி. மறு வாரத்திலிருந்து உள்ளே இடமில்லை.

அடுத்தது ஸ்டீவ் குட்மன். அவரும் சிகாகோ பாடகர்தான், பிரைனின் உயிர் நண்பர். 1971-இல் பிரபல பாடகர் கிரிஸ் கிறிஸ்டாஃபர்சனின் கச்சேரிக்கு முன்னால் பாடுகிற வாய்ப்பு குட்மனுக்குக் கிடைத்தது. கிறிஸ்டாஃபர்சன் அசந்துபோய்ப் பாராட்ட, வேறு யாராக இருந்தாலும் அந்தப் பாராட்டைப் பத்திரமாகப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். இவர் என்ன செய்தார் தெரியுமா, "என் நண்பன் ஒருவன் இருக்கிறான், அவனை நீங்கள் கேட்டே ஆக வேண்டும்" என்று நடுராத்திரியில் அவரை டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு வேறொரு கிளப்புக்குப் போனார். நாற்காலிகளை எல்லாம் மேஜைமேல் கவிழ்த்து வைத்தாகிவிட்டது. பிரைன் அங்கே தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பிப் பாடச் சொன்னார்கள். பாடி முடித்ததும், பாடியதை எல்லாம் இன்னொரு தடவை பாடு, வேறு இருந்தால் அதையும் பாடு என்றார் கிறிஸ்டாஃபர்சன். பிற்பாடு நியூயார்க்கில் தன் மேடையிலேயே இவரை ஏற்றிவிட, கூட்டத்தில் அட்லான்டிக் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டுக் கம்பெனியின் ஜெர்ரி வெக்ஸ்லர் இருந்தார். மறுநாளே ஒப்பந்தம்.

முதல் ஆல்பம் அந்த வருஷமே வந்தது. அட்டையில் ஐயா வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்திருப்பார். அதற்கு முன்னால் வாழ்க்கையில் வைக்கோல் கட்டில் உட்கார்ந்ததே இல்லை என்று அவரே சொன்னார். கன்ட்ரி பாடகர் என்றால் வைக்கோல் வேண்டும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள், பாவம்.

விற்பனை? பெரிதாக இல்லை. அடுத்த டிலன் என்று பட்டம் கட்டியது உதவவில்லை, ஹிட் பாட்டு என்று சொல்ல அவர் குரலில் ஒன்றும் இல்லை. குடி, சிகரெட், முறிந்த இரண்டு திருமணங்கள் என்று எழுபதுகளும் எண்பதுகளும் கழிந்தன. அவர் பாட்டெல்லாம் தங்கம் என்று நான் சொல்ல மாட்டேன், எண்பதுகளின் தொடக்கத்தில் வந்தவற்றில் சில சும்மா கணக்குக்குப் போட்டவை. குட்மனும் இவரும் சேர்ந்து கன்ட்ரி பாட்டு உலகத்தையே கேலி செய்து ஒரு பாட்டு எழுதினார்கள். அந்த உலகத்துக்காரர்கள் கோபித்துக்கொள்வார்களோ என்று பயந்து பிரைன் தன் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். 1975-இல் கன்ட்ரி பாடகர் டேவிட் ஆலன் கோ அதைப் பாடிப் பெரிய ஹிட். பணம் குட்மனுக்கு மட்டும் வந்தது. அவர் அந்தக் காசில் பிரைனுக்கு ஒரு ஜூக்பாக்ஸ் வாங்கிக் கொடுத்தார். காசு போட்டு, பட்டனை அமுக்கினால் பாட்டு வரும், ஹோட்டல்களில் வைத்திருப்பார்களே, அந்தப் பெட்டி. பெயருக்குப் பதில் பெட்டி. குட்மன் 1984-இல் ரத்தப் புற்றுநோயில் போய்விட்டார், முப்பத்தாறு வயதுதான்.

பெரிய கம்பெனிகளோடு ஒத்துவரவில்லை என்றதும் பிரைன் மேனேஜரோடு சேர்ந்து ஓ பாய் ரெக்கார்ட்ஸ் என்று சொந்தக் கம்பெனி தொடங்கினார். ஆல்பம் போடப் பணம்? ரசிகர்கள் அனுப்பினார்கள். இன்னும் பதிவே ஆகாத ஆல்பத்துக்கு முன்கூட்டியே செக் எழுதி, உறையில் போட்டு, ஸ்டாம்ப் ஒட்டி. இன்று இதற்கு கிரௌட் ஃபண்டிங் என்று பெரிய பெயர், ஆனால் அன்று அதைத் தூக்கிக்கொண்டு வந்தது யார்? ஒரு போஸ்ட்மேன். எனக்கு இதைப் படித்தபோது ஏற்பட்ட சந்தோஷத்தை என் வீட்டில் யாரும் புரிந்துகொள்ளவில்லை, நீங்களாவது புரிந்துகொள்ளுங்கள். 1991-இல் அதே சொந்தக் கம்பெனியில் போட்ட த மிஸ்ஸிங் இயர்ஸ் ஆல்பத்துக்கு இசைக்கான கிராமி விருது.

அப்புறம் கழுத்தில் புற்றுநோய். 1998-இல் அறுவை சிகிச்சை, ரேடியேஷன். குரல்வளையைக் காப்பாற்ற வேண்டுமே என்று டாக்டர் கவலைப்பட்டபோது, "நான் பாடி நீங்கள் கேட்டதே இல்லையா?" என்று கேட்டாராம். கழுத்தில் ஒரு பகுதியை வெட்டி எடுத்ததில் தலை ஒரு பக்கம் சாய்ந்தது, குரல் இறங்கிப் பாறையை உரசுகிற மாதிரி ஆனது. வேறு யாராவது என்றால் கடையைச் சாத்தியிருப்பார்கள். இவருக்கோ பழைய பாட்டுகளைச் சுருதி இறக்கிப் பாடப் பாட, அவை புதுசாகத் தெரிந்தன, இந்தக் குரலே பிடித்தும்போய்விட்டது. அடுத்த வருஷமே டூயட் ஆல்பம். 2013-இல் நுரையீரலில் புற்றுநோய், அதற்கும் அறுவை. பயிற்சி கொடுத்தவர் மாடிப்படியில் ஏறி இறங்கி ஓடச் சொல்லி, மூச்சு வாங்கும்போதே கிடாரை எடுத்துப் பாடச் சொன்னார். ஆறு மாதத்தில் மேடை. பிற்பாடு மனைவி ஃபியோனாவும் மகனும் அவரை நாஷ்வில்லில் ஒரு ஹோட்டல் அறையில் கொண்டுபோய் விட்டு, எழுதி முடித்துவிட்டு வாருங்கள் என்று சொல்ல, பெட்டி பெட்டியாகப் பாதி எழுதிய காகிதங்களோடு உட்கார்ந்து முடித்த ஆல்பம் 2018-இல் வெளிவந்து, அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பப் பட்டியலில் ஐந்தாம் இடத்துக்கு ஏறியது. அவர் வாழ்க்கையிலேயே அதுதான் உச்சம். வயது எழுபத்தொன்று.

2020 ஏப்ரல் 7-ஆம் தேதி, கொரோனா. எழுபத்து மூன்று வயது.

முதல் ராத்திரி பாடிய மூன்றில் பாரடைஸைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. அது அப்பாவுக்காக எழுதியது. மியூலன்பர்க் கவுன்டியில் கிரீன் நதிக்கரையில் பாரடைஸ் என்று நிஜமாகவே ஓர் ஊர் இருந்தது. சுற்றிலும் நிலக்கரிக்காக மண்ணைத் தோண்டிப் புரட்டினார்கள், பக்கத்தில் அனல்மின் நிலையம் வந்தது, சாம்பல் வந்து ஊர்மேல் படிந்தது. கடைசியில் மின்நிலையத்தை நடத்திய டென்னசி வேலி அத்தாரிட்டியே ஊரை விலைக்கு வாங்கி 1967-இல் இடித்துவிட்டது. பாட்டிலோ நிலக்கரி ரயிலில் ஊரையே ஏற்றிக்கொண்டு போனது பீபாடி நிலக்கரிக் கம்பெனி என்று வரும். கம்பெனி சும்மா இருக்குமா, பிரைன் சொல்வது தப்பு, உண்மை இதுதான் என்று துண்டறிக்கை போட்டது. காகிதக் கணக்கில் அவர்கள் பக்கமும் நியாயம் உண்டுதான், இடித்தது வேறு ஆள். ஆனால் அந்தத் துண்டறிக்கையை யாரும் பாடவில்லை, பாட்டை இன்றும் பாடுகிறார்கள். தான் செத்தால் சாம்பலைக் கிரீன் நதியில் விடுங்கள் என்று அந்தப் பாட்டிலேயே இருக்கிறது. அப்படியே பாதியை நதியில் விட்டார்கள். மீதிப் பாதியைச் சிகாகோவில் அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில் புதைத்தார்கள்.

பில் பிரைன் 1971-இல், மகனின் முதல் ஆல்பம் கடைக்கு வருவதற்குள் இறந்துபோனார். ஆனால் இந்தப் பாட்டை மட்டும் அவர் கேட்டுவிட்டார். பதிவானதை ஜான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்து போட்டபோது, அப்பா எழுந்து அடுத்த அறைக்குப் போய் இருட்டில் உட்கார்ந்துகொண்டார். பாட்டு முடிந்து, ஏன் அங்கே போனீர்கள் என்று கேட்டதற்கு, அது ஜூக்பாக்ஸில் ஓடுவதாக நினைத்துக்கொள்ளலாம் என்றுதான் போனேன் என்றார்.

சரி, பாட்டைக் கொண்டுவந்திருக்கிறேன், மூன்று நிமிஷம்தான். தம்பி, ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அந்த லைட்டை அணைச்சுடுங்க.