மகன் கல்யாணமும் மாடி வீடும்

(குடியிருப்போர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைமை தாங்கும் மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, அலுவலகத்தை அடைத்துவிட்டு வந்திருக்கும் வழக்கறிஞர் ஐயா அவர்களே, இடம் கொடுத்த மண்டப உரிமையாளர் அவர்களே (எட்டு வீடு வாடகைக்கு விட்டிருப்பவர், கோபித்துக்கொள்ள மாட்டார்), நாற்காலி கிடைக்காமல் நிற்கும் தாய்மார்களே, வணக்கம்.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும். எந்த மேடை ஏறினாலும் எனக்கு இந்தப் பழமொழி வந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள். காலி செய்யச் சொல்லும் காரணம், முன்பணம், வாடகை உயர்வு என்று மூன்று விஷயம் பேச வந்தேன்.

தமிழ்நாட்டின் 1960ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தில் 'உன்னைப் பிடிக்கவில்லை, போ' என்பதற்கு இடமிருக்கவில்லை. வேண்டுமென்றே வாடகை பாக்கி, உள்வாடகை, சொந்தத் தேவை, இடித்துக் கட்டுதல் என்று சட்டம் சொன்ன காரணம் ஒன்றை வீட்டுக்காரர் நிரூபித்தாக வேண்டியிருந்தது.

எங்கள் தெருவில் ஒரு தையல்காரர், மாடியில் குடியிருந்தார். அந்தச் சட்டம் இருந்த காலம். ஒருநாள் வீட்டுக்காரர் வந்து, "மகனுக்குக் கல்யாணம், மாடி வேணும், காலி பண்ணிடுங்க" என்றார். இவர் நல்ல மனுஷன். "ரொம்ப சந்தோஷம் ஐயா, மாப்பிள்ளைக்குக் கோட்டு நானே தைக்கிறேன், தம்பியை அளவு கொடுக்க அனுப்புங்க" என்றார். வீட்டுக்காரர் முழித்தார். சாயந்திரம் தம்பி வந்தான். அரைக்கால் சட்டை, கையில் ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகம்! (சிரிப்பு.) இவரும் சிரித்துக்கொண்டே அளவெடுத்து அனுப்பினார். ஆனால் அந்த மாதமே சாமானை ஏற்றிவிட்டார். மறுவாரம் மாடியில் 'வாடகைக்கு' அட்டை தொங்கியது. சொந்தத் தேவை என்று உத்தரவு வாங்கிய வீட்டுக்காரர் ஒரு மாதத்துக்குள் தானே குடிவராவிட்டால், பழைய குடித்தனக்காரர் வீட்டைத் திரும்பக் கேட்கலாம் என்று அந்தச் சட்டத்திலேயே இருந்தது. உத்தரவே இல்லாமல், வாய்ப்பேச்சுக்கே போனவர் எதைக் காட்டிக் கேட்பார்? எலி வளையானாலும் தனி வளை. அந்த வளைக்கு ஒரு துண்டுக் காகிதம் வேண்டாமா?

பழைய சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சொற்ப வாடகையில் வருடக்கணக்காக உட்கார்ந்த கடைக்காரர்களும் உண்டு. வீட்டுக்காரர்கள் புலம்பியதில் நியாயம் இருந்தது. 2017இல் புதுச் சட்டம் வந்தது, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. காலி செய்ய இதிலும் காரணம் வேண்டும், வாடகை நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். ஆனால் எழுத்தில் ஒப்பந்தம் போடாமல் இருப்பதே ஒரு காரணமாகச் சேர்ந்துவிட்டது! கேட்டால் மனஸ்தாபம் வரும் என்று நாம் சும்மா இருப்பதே நம்மை வெளியேற்றப் போதும். ஆகவே எழுதுங்கள், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை போனது.

முன்பணம், வாடகை உயர்வு இரண்டையும் இன்னொரு கூட்டத்தில் வைத்துக்கொள்வோம், மாமன்ற உறுப்பினர் அம்மா கடிகாரத்தைப் பார்க்கிறார். வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு நூலகத்தில் முகாம். நம் பிள்ளைகள் இணையத்தில் பதிவு செய்து தருவார்கள். ஆதார் நகல் கொண்டுவாருங்கள். வீட்டுக்காரரையும் கூட்டி வாருங்கள், ஒப்பந்தத்தில் அவரும் கையெழுத்துப் போட வேண்டும்.