கோவிலுக்கு வர முடியாதவர்கள்

நேயர்களுக்கு அன்பு வணக்கம். பெருந்தொற்றுக் காலத்தில் கத்தோலிக்கப் பங்குகளில், அதாவது ஊர்க் கோவிலைச் சேர்ந்த சபைகளில், வழிபாடு எப்படி நடந்தது என்று பேச என்னை அழைத்திருக்கிறார்கள். கதவு அடைத்த கோவிலையும், செல்பேசியில் பார்த்த திருப்பலியையும், திறந்த பிறகு தள்ளித் தள்ளி உட்கார்ந்ததையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதையெல்லாம் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நான் பேச வந்தது கோவிலுக்கு வர முடியாதவர்களைப் பற்றி. 2020இல் நாம் எல்லோருமே சில மாதங்கள் அப்படி ஆனோம். ஆனால் அதற்கு முன்பே அப்படி வாழ்ந்தவர்கள் ஒவ்வொரு பங்கிலும் இருந்தார்கள். படுக்கையில் கிடப்பவர்கள், அவர்களைப் பார்த்துக்கொள்வதற்காக வெளியே கால் வைக்க முடியாதவர்கள், மருத்துவமனையிலும் முதியோர் இல்லத்திலும் இருப்பவர்கள். நமக்குக் கதவு திறந்துவிட்டது, அவர்களுக்குத் திறக்கவில்லை. நோயாளர்களுக்கு நற்கருணை, அதாவது திருப்பலியில் அர்ச்சித்த அப்பம், எடுத்துச் செல்லும் பணியில் நெடுங்காலமாக இருக்கிறேன். அதனால் இந்தத் தொற்றுக் காலத்தை அவர்கள் படுக்கையின் பக்கத்தில் நின்றுதான் எனக்குப் பார்க்கத் தெரியும்.

இந்தப் பணி எவ்வளவு பழையது தெரியுமா? கி.பி. 155 வாக்கில் ரோமையில் வாழ்ந்த புனித ஜஸ்டின், கிறிஸ்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்கிறார்கள் என்று பேரரசருக்கு எழுதி விளக்குகிறார். ஒன்றுகூடுகிறோம், வாசகங்கள் வாசிக்கிறோம், மறையுரை கேட்கிறோம், நன்றி சொல்லி அப்பத்தைப் பகிர்கிறோம் என்று சொல்லிவிட்டு, அதோடு நிறுத்தவில்லை. வராதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் வழியாக அதை அனுப்பி வைக்கிறோம் என்றும் எழுதுகிறார். திருப்பலியைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய விவரிப்புகளில் ஒன்று இது. அதிலேயே வர முடியாதவர்களுக்கு ஒரு வரி இருக்கிறது. யார் வரவில்லை என்று அந்தச் சபைக்குத் தெரிந்திருந்தால்தானே அனுப்ப முடியும்? இந்தக் கேள்விக்கு நான் பிறகு வருவேன்.

சரி, 2020க்கு வருவோம். மார்ச் 11ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் இதைப் பெருந்தொற்று என்று சொன்னது. அதற்கு இரண்டு நாள் முன்பே, 9ஆம் தேதியிலிருந்து, திருத்தந்தை பிரான்சிஸ் தம்முடைய இல்லச் சிற்றாலயத்தில் காலைதோறும் நிறைவேற்றிய திருப்பலி நேரலையில் வரத் தொடங்கியது. மே 18 வரை அது தொடர்ந்தது. மார்ச் 27ஆம் தேதி மாலை, மழையில் நனைந்து கிடந்த ஆளில்லாத புனித பேதுரு சதுக்கத்தில் அவர் நின்று செபித்ததைப் பார்த்திருப்பீர்கள். அங்கே வைத்திருந்த பாடுபட்ட சுரூபம், அதாவது சிலுவையில் அறையுண்ட இயேசுவின் உருவம், 1522இல் ரோமையில் கொள்ளை நோய் பரவியபோது மக்கள் தெருத்தெருவாகச் சுமந்து சென்ற அதே சுரூபம்.

அந்த வாரத்திலேயே, மார்ச் 25ஆம் தேதி, புனித வாரத்தை எப்படிக் கொண்டாடுவது என்று வத்திக்கானிலிருந்து ஆணை வந்தது. இயேசுவின் உயிர்ப்பைக் கொண்டாடும் பாஸ்கா விழாவைத் தள்ளி வைக்க முடியாது. பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்கு வேண்டாம், நற்கருணைப் பவனி வேண்டாம். மக்கள் இல்லாமலே குருக்கள் நிறைவேற்றலாம். ஆனால் எந்த நேரத்தில் நடக்கிறது என்று மக்களுக்குச் சொல்லிவிட வேண்டும், அவர்கள் அதே நேரத்தில் வீட்டில் இருந்தபடி செபத்தில் ஒன்றிக்கட்டும் என்றது. ஒளிபரப்பினால் நேரலையாக இருக்கட்டும், பதிவு செய்து போடுவது வேண்டாம் என்றும் சொன்னது. இந்த நேரலை விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் அந்த ஆணை வந்த நாட்களில்தான் ஒரு பெரியவரிடம் தொலைபேசியில் பேசினேன். எங்கள் பங்கைச் சேர்ந்தவர். இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் பல வருடமாகப் படுக்கையில் இருந்தார். வாராவாரம் அவருக்கு நற்கருணை கொண்டுபோவேன். அது நின்றுபோனது. வருந்துவாரே என்று அவருக்கு ஆறுதல் சொல்லத்தான் அழைத்தேன். அவரோ என்னை விசாரிக்க ஆரம்பித்தார். "தம்பி, வீட்டுல பூசை காணுறியே, எப்படிக் காணுற?" என்றார். எல்லோரும் உட்கார்ந்து பார்க்கிறோம் ஐயா என்றேன். "பாக்குறது இல்லப்பா, காணணும்" என்று சொல்லிவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். பூசைக்கு முன்னாடியே முகம் கழுவி, துவைத்த சட்டை போட்டுக்கொள்ள வேண்டும். அவருக்கு மகள் போட்டு விடுவார். ஒரு சின்ன மேசையில் வெள்ளைத் துணி, சுரூபம், மெழுகுதிரி. அந்த நேரத்தில் வீட்டில் வேறு வேலை நடக்கக் கூடாது. குருவானவர் "ஆண்டவர் உங்களோடு இருப்பாராக" என்றால் வாயைத் திறந்து பதில் சொல்ல வேண்டும், மனதுக்குள் சொன்னால் போதாது. "நான் தனியாத்தான் கிடக்கேன், ஆனா சத்தமாச் சொல்லுவேன். அந்த நேரத்துல சொல்றவங்களோட சேர்ந்து சொல்றேன் இல்ல?" என்றார். பழைய பூசையைத் திரும்பப் போட்டுக் கேட்க மாட்டாராம். அதே நேரத்தில் எங்கோ ஒரு பீடத்தில் நடக்க வேண்டும், அதோடு சேர்ந்துகொள்ள வேண்டும். வத்திக்கான் ஆணையில் நான் படித்த அதே விஷயத்தை, அந்த ஆணையைக் கண்ணால் பார்க்காத ஒருவர் தம்முடைய படுக்கையிலிருந்து எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்புறம் நன்மை, அதாவது நற்கருணை, வாங்கும் நேரம். அப்போது என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "நாக்க நீட்ட முடியாது, நெஞ்ச நீட்டுவேன்" என்றார். ஆன்மீக நற்கருணை என்று திருச்சபை சொல்வது இதைத்தான். ஆண்டவரே, உம்மை இப்போது அருளடையாளத்தில் பெற முடியவில்லை, ஆவியிலாவது என் உள்ளத்தில் வாரும் என்று கேட்கிற அந்தச் செபத்தைத் திருத்தந்தையும் அந்த மாதங்களில் நம்மோடு சேர்ந்து சொன்னார். நமக்கு அது தற்காலிக ஏற்பாடு. அந்தப் பெரியவருக்கு வாரத்தில் ஆறு நாளும் அதுதான், பல வருடங்களாக.

அவர் சொன்னதை எழுதி, பங்கில் தெரிந்த குடும்பங்களுக்கெல்லாம் அனுப்பினேன். நல்ல திடகாத்திரமாக இருந்த நாங்கள் வீட்டில் பூசை காணும் முறையைப் படுக்கையில் கிடந்தவரிடம் கற்றுக்கொண்டோம். இதை எங்கே பேசினாலும் சொல்கிறேன், இன்றும் சொல்கிறேன்.

வானொலி கேட்பவர்களுக்கு இன்னொன்று சொல்ல ஆசை. அசிசி நகரத்துப் புனித கிளாராவைத் தெரியும் அல்லவா? நோயில் கிடந்த அவர், ஒரு கிறிஸ்து பிறப்பு இரவில், தொலைவில் கோவிலில் நடந்த வழிபாட்டைத் தம் அறையிலேயே கண்டார், கேட்டார் என்பது அவருடைய வரலாற்றில் வருகிறது. அதனால்தான் 1958இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக அறிவித்தார். பாருங்கள், அங்கேயும் கோவிலுக்குப் போக முடியாத ஒரு நோயாளிதான்.

இப்போது மிலான் நகரத்துக்குப் போவோம். 1576இல் அங்கே கொள்ளை நோய். பேராயர் புனித சார்லஸ் பொரோமியோ. வசதி உள்ளவர்கள் பலர் ஊரை விட்டுப் போனார்கள், அவர் போகவில்லை. நோய் மிஞ்சியபோது மக்கள் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது என்று ஆனது. கோவிலுக்கு வர முடியாது. அவர் என்ன செய்தார்? தெருக்கள் கூடும் இடங்களில் பீடம் அமைக்கச் செய்தார். மக்கள் அவரவர் வீட்டுச் சன்னலில் நின்று திருப்பலி கண்டார்கள். ஒரு நாளில் பலமுறை மணி அடிக்கும். மணி கேட்டதும் சன்னலுக்கு வந்து, ஒரு பக்கத்து வீடுகள் ஒரு அடி சொல்ல, எதிர்ப் பக்கத்து வீடுகள் மறு அடி சொல்லிச் செபிப்பார்கள். கோவிலில் இரண்டு பக்கமும் மாறி மாறிச் சொல்வோமே, அதேபோல். முழுத்தெருவும் கோவிலாகிவிட்டது. தம்முடைய இல்லத்துத் திரைச்சீலைகளைக் கிழித்து ஏழைகளுக்கு ஆடை தைக்கக் கொடுத்தார். நோயாளர்களைத் தாமே போய்ப் பார்த்தார். ஆனால் கண்மூடித்தனமாக இல்லை. தொற்று எப்படிப் பரவுகிறது என்று அந்தக் காலத்தில் தெரிந்த அளவுக்கு எல்லா எச்சரிக்கையும் எடுத்துக்கொண்டார். கூட்டத்தை வீட்டில் வைத்தே செபிக்க வைத்ததும் அந்த எச்சரிக்கைதான்.

இதை விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2020இல் நிறைய பேர் மனம் நொந்து கேட்டார்கள்: கோவிலை அடைப்பது விசுவாசக் குறைவு இல்லையா என்று. அந்த வேதனை எனக்குப் புரிந்தது. நற்கருணை இல்லாமல் ஞாயிறு கழிவது சும்மா விஷயம் இல்லை. ஆனால் பிறர் உயிரைக் காப்பதும் விசுவாசத்தின் வேலை என்று நானூறு வருடத்துக்கு மேல் முன்பே ஒரு புனிதர் செய்து காட்டியிருக்கிறார். அதற்கும் முன்பு, மூன்றாம் நூற்றாண்டில், அலெக்சாந்திரியா ஆயர் புனித தியோனீசியு எழுதிய பாஸ்கா மடல்கள் இருக்கின்றன. துன்புறுத்தல், போர், பிறகு கொள்ளை நோய் என்று அடுத்தடுத்து வந்தது. துன்புறுத்தப்பட்ட நாட்களில் வயல், பாலைவனம், கப்பல், சத்திரம், சிறை என்று நாங்கள் துன்பப்பட்ட இடமெல்லாம் எங்களுக்குத் திருவிழா கூடும் இடமாயிற்று என்று எழுதுகிறார். நோயாளர்களைப் பராமரித்து, அவர்களோடு சேர்ந்து இறந்த கிறிஸ்தவர்களைப் பற்றியும் அவரே எழுதியிருக்கிறார்.

திருச்சபைச் சட்டத்திலும் இதற்கான ஏற்பாடு முன்பே இருந்தது. நிறைய பேருக்குத் தெரியாத ஒரு விதி, 534ஆம் விதி. ஒவ்வொரு ஞாயிறும் பங்குத்தந்தை தம் பங்கு மக்களுக்காக ஒரு திருப்பலி ஒப்புக்கொடுக்க வேண்டும் என்கிறது. அது அவருடைய கடமை. காலியாகக் கிடந்த பெஞ்சுகளுக்கு முன்னால், தனியாகவோ ஓரிருவரோடோ, உலகமெங்கும் பங்குத்தந்தையர் அதைச் செய்துகொண்டிருந்தார்கள். நேரலை வசதி இல்லாத சின்னப் பங்குகளிலும். நாம் பார்க்கவில்லை, ஆனால் அது நமக்காக நடந்தது.

பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறுவது, பற்றி ஒரு வார்த்தை. தொலைபேசியில் செய்யலாமா என்று அப்போது பலரும் கேட்டார்கள். முடியாது, அந்த அருளடையாளத்துக்கு நேரில் இருக்க வேண்டும். ஆனால் குருவை அடைய முடியாதபோது, கடவுள் மேல் உள்ள அன்பினாலேயே மனம் நொந்து, முடிந்தவுடன் பாவசங்கீர்த்தனம் செய்வேன் என்று உறுதியாக எண்ணினால், சாவான பாவமும் மன்னிக்கப்படும். இதைத் திருத்தந்தை 2020 மார்ச் 20 காலைத் திருப்பலியில் எளிமையாக எடுத்துச் சொன்னார். உத்தம மனஸ்தாப மந்திரம் என்று சிறுவயதில் மனப்பாடம் செய்தோமே, அது இதற்குத்தான். குருவானவர் வந்துசேராத மருத்துவமனைகளில் இறந்தவர்களின் பிள்ளைகள் பலர் என்னிடம் அழுதிருக்கிறார்கள், அப்பாவுக்கு அவஸ்தைப்பூசுதல், அதாவது நோயாளருக்குக் குரு எண்ணெய் பூசும் அருளடையாளம், கிடைக்கவில்லையே என்று. அவர்களுக்கு நான் சொன்னது இதைத்தான்: உங்கள் அப்பாவுக்கும் கடவுளுக்கும் நடுவில் அந்த மருத்துவமனைக் கதவு இல்லை. அதே சமயம், கையால் தொட முடியாத இடத்தில் ஒரு கருவியைக் கொண்டு எண்ணெய் பூசக் குருக்களுக்குச் சட்டம் அனுமதி தருகிறது. பஞ்சை வைத்துப் பூசிவிட்டு வந்த குருக்களையும் அந்த மாதங்களில் பார்த்தேன்.

சரி, கதவு திறந்தது. 2020 ஏப்ரல் 17ஆம் தேதியே திருத்தந்தை எச்சரித்திருந்தார். மக்களும் அருளடையாளங்களும் இல்லாமல் திரை வழியாக மட்டும் இருப்பது கடினமான நேரத்துக்கான நிலை, திருச்சபை எப்போதும் மக்களோடும் அருளடையாளங்களோடும் இருப்பது என்றார். நடக்க முடிகிறவர்கள் நடந்து வர வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஆனால் திரும்பி வந்த நாம் ஒன்றைச் செய்தோமா? யார் இன்னும் வரவில்லை என்று பார்த்தோமா? ஜஸ்டின் காலத்துச் சபைக்கு அது தெரிந்திருந்தது என்று சொன்னேனே. தொற்றுக் காலத்தில் நம் பங்குகளில் தொலைபேசிப் பட்டியல் இருந்தது. இளைஞர்கள் தெருவாரியாகப் பிரித்துக்கொண்டு, தனியாக இருப்பவர்களை அழைத்தார்கள், மருந்து வாங்கிக் கொடுத்தார்கள், செபமாலைக்குத் தொலைபேசியிலேயே கூட்டினார்கள். கோவில் திறந்ததும் பல இடங்களில் அந்தப் பட்டியலை மடித்து வைத்துவிட்டார்கள். நேரலையையும் நிறுத்திவிட்டார்கள், மக்கள் வீட்டிலேயே தங்கிவிடுவார்கள் என்ற பயத்தில். பயம் நியாயமானதுதான். ஆனால் நிறுத்தியதில் இழந்தவர்கள் யார்? தங்கள் சொந்தப் பங்கின் பீடத்தை, சொந்தப் பங்குத்தந்தையின் குரலை முதல் முறையாக வீட்டில் பெற்ற படுக்கையாளர்கள். அந்தப் பட்டியலை மறுபடி எடுங்கள். நற்கருணைப் பணியாளர்கள் போதவில்லை என்றால் பங்குத்தந்தையிடம் நீங்களே போய்ப் பெயர் கொடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை நோயாளர் தினத்தில் மட்டும் அவர்களைத் தேடுவது போதாது.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். பாடகர் குழுக்கள் மௌனமான காலத்தைப் பற்றியும், 2021இல் குருக்கள் எதுவும் சொல்லாமல் தலையில் சாம்பல் தூவிய விபூதிப் புதனைப் பற்றியும் பேச நினைத்திருந்தேன், முடியவில்லை. இறந்தவர்களைப் பற்றி மட்டும் சொல்லி விடுகிறேன். நவம்பர் மாதத்தின் முதல் எட்டு நாட்களில் கல்லறைக்குப் போய் இறந்தவர்களுக்காகச் செபித்து அவர்களுக்காகப் பெறும் ஞானப்பலனை 2020இல் திருச்சபை அந்த மாதம் முழுவதற்கும் விரித்துக் கொடுத்தது, கல்லறைக்குக் கூட்டமாகப் போக முடியாது என்பதால். உங்கள் வீட்டில் யாராவது அந்த நாட்களில் அடக்கத் திருப்பலி இல்லாமல் புதைக்கப்பட்டிருந்தால், இப்போதும் அவர்களுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம். வருடம் கடந்துவிட்டதே என்று தயங்க வேண்டாம், பங்கு அலுவலகத்தில் பெயரைச் சொன்னால் போதும். குடும்பத்தார் எல்லோரையும் அழைத்துக்கொண்டு போங்கள். அன்று அடக்கத்துக்கு வர முடியாதவர்களையும்.

நன்றி, வணக்கம்.