குவார்ட்டர் ஒன்று இல்லை, ஆறு!

வணக்கம் மக்களே. ஆட்டோவை ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் பேசுகிறேன், ஹாரன் சத்தம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று ஏ.ஆர்.டி. மையத்தில், அதாவது எச்.ஐ.வி. மருந்து கொடுக்கும் இடத்தில், மாத்திரை வாங்கும் நாள். வாங்கியாச்சு. விஷயம் அதில்லை. ஏழு! என் மார்க் ஏழு!

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். குடியைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் தயாரித்த பத்துக் கேள்விகள் இருக்கின்றன. மொத்தம் 40 மார்க். 8 தாண்டினாலே, ஏன், 8 வந்தாலே வம்பு. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் எனக்கு 17. வாழ்க்கையில் குறைவாக மார்க் வாங்கி ஆடியது இதுதான் முதல் தடவை.

அன்றைக்கு மையத்தில் ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் மேடத்தோடு நான் போட்ட சண்டை இருக்கிறதே! "சனிக்கிழமை ஒரே ஒரு குவார்ட்டர்தான் மேடம்" என்றேன். அவர் பேப்பரில் கணக்குப் போட்டார். 180 மில்லி, 42.8 சதவீதம், சுமார் 60 கிராம் சுத்தமான ஆல்கஹால். 10 கிராம்தான் ஓர் அளவு, அதாவது ஒரு 'டிரிங்க்'. ஆக, ஆறு! "சரி, கட்டிங்?" "மூன்று." பேரம் படியவே இல்லை.

அவர் திட்டவில்லை, அதுதான் எனக்குப் பிடித்தது. குடிக்கும் நாளையெல்லாம் நோட்டில் குறிக்கச் சொன்னார். அப்புறம் அவரே என் நண்பன் மாதிரி "மச்சான், ஒரு ரவுண்டு வாடா" என்று நடித்து, என்னை மறுத்துப் பழகச் சொன்னார். சிரிப்பை அடக்கவே முடியவில்லை.

எனக்கு எரிச்சல் வருவது வேறு விஷயத்தில். "இன்றைக்குத் தண்ணி போட்டிருக்கேன், அதனால் மாத்திரை போடலை" என்கிறவர்கள்! நானும் அப்படித்தான் இருந்தேன். மாதம் நாலு சனிக்கிழமை விட்டால் 30-க்கு 26, அதாவது 87 சதவீதம். 95-க்கு மேல் இருக்க வேண்டும். விட்டு விட்டுப் போட்டால் வைரஸ் மருந்துக்கே பழகிவிடும். குடித்த நாளிலும் மாத்திரையை விடாதீர்கள் என்று மேடம் மூன்று தடவை சொன்னார். கல்லீரல் கெடுவது தனிக் கதை, அதற்காகத்தான் குடியைக் குறைப்பது.

அய்யோ, முக்கியமானதை மறந்துவிட்டேன். காலையில் கை நடுங்கி, குடித்தால்தான் நிற்கும் என்கிறவர்கள் நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். வலிப்பு வரலாம். டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

இப்போது சனிக்கிழமை பன்னீர் சோடாதான், தெரியுமே. நான் வழக்கமாகக் குடிக்கும் கடையில் 20 ரூபாயை 25 ஆக்கிவிட்டார்கள்! அதே பாட்டில், அதே கோலி. கேட்டால் ஐஸ் விலையாம். ஐஸே வேண்டாம் என்றேன், அப்பவும் 25. மாதத்துக்கு 20 ரூபாய் கூடுதல். ஒரு குவார்ட்டர் காசில் பல சோடா வரும், தெரியும், அதை நோட்டிலேயே எழுதியிருக்கிறேன். இருந்தாலும் ஐந்து ரூபாய் ஐந்து ரூபாய்தானே! ரயில்வே கேட் பக்கம் இன்னொரு கடை இருக்கிறதாம். சவாரி வந்துவிட்டது, அந்தப் பக்கம்தான் போகிறார்கள். போய் விலை கேட்டுவிட்டு வருகிறேன்.