கொரியாவுக்கு வருகிறவர்கள் போனில் எந்தெந்த ஆப் வைத்துக்கொள்ள வேண்டும்?

அடுத்த கேள்வி மதுரையிலிருந்து ஒரு தம்பி அனுப்பியது. "அண்ணா, தென்கொரியாவில் தேஜான் நகரத்தில் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. போனில் என்னென்ன ஆப் போட்டுக்கொண்டு வரவேண்டும்? அப்பாவும் அம்மாவும் பிறகு ஊர் சுற்றிப் பார்க்க வருவார்கள், அவர்களுக்கு எது போதும்?" என்று கேட்டிருக்கிறார். வாழ்த்துகள் தம்பி.

உங்களுக்கும் உங்கள் அப்பா அம்மாவுக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு நாலு ஆப் போதும், ஏர்போர்ட் வைஃபையிலேயே போட்டுக்கொள்ளலாம். இங்கேயே தங்கிப் படிக்கப்போகிற உங்களுக்கு ஆப் எல்லாம் அப்புறம்தான். முதலில் வேண்டியது உங்கள் பெயரில் பதிவான ஒரு கொரிய போன் நம்பர். அது இல்லாவிட்டால் பாதி ஆப்பை டவுன்லோடு செய்யலாம், உள்ளே போக முடியாது.

நம் ஊரில் ஏதோ ஒரு நம்பருக்கு ஓடிபி வந்தால் போதும், அப்பா பெயரில் வாங்கிய சிம்மாக இருந்தாலும் யாரும் கேட்பதில்லை. இங்கே பேங்க், ஆன்லைன் பணம், அரசு வேலை என்று எதைத் தொட்டாலும் உங்கள் பெயர், பிறந்த தேதி, எந்த நிறுவனத்தின் சிம், நம்பர் என்ன என்று கேட்கும். அந்தப் பெயரில்தான் அந்த நம்பர் இருக்கிறதா என்று சிம் நிறுவனத்திடம் சரிபார்த்த பிறகுதான் கதவு திறக்கும். இதற்கென்றே பாஸ் என்று ஒரு ஆப்பும் இருக்கிறது. ஏர்போர்ட்டில் சுற்றுலாக்காரர்களுக்கு விற்கும் சிம் இந்தச் சோதனையில் தேறாது.

அதனால் வந்து இறங்கியதும் ஹைகொரியா என்கிற அரசு இணையதளத்தில் குடிவரவு அலுவலகத்துக்கு நாள் குறித்துவிடுங்கள். 90 நாளுக்கு மேல் தங்குகிறவர்கள் அந்த 90 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு செய்தாக வேண்டும். செமஸ்டர் தொடங்கும் சமயத்தில் நேரம் கிடைப்பது பெரும்பாடு. பதிவு அட்டை கைக்கு வந்ததும் அதில் இருக்கும் 13 இலக்க எண்ணோடு சிம்மை இணைத்துக்கொள்ளுங்கள்.

இதில் தமிழர்களுக்கென்றே ஒரு தலைவலி இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் சிலருக்கு அந்த இடம் காலியாக இருக்கும், சிலருக்கு அப்பா பெயர் ஏறியிருக்கும். பெயரும் நீளம். கொரியர்களுக்குப் பெரும்பாலும் மூன்று எழுத்தில் பெயர் முடிந்துவிடும், இங்கே படிவங்களில் கட்டம் போட்டிருப்பதும் அந்தக் கணக்கில்தான். முத்துக்குமாரசாமி என்று ஒருவர் போனால் சிம் கடையில் ஒரு இடைவெளி விட்டுத் தட்டுவார்கள், பேங்கில் இடைவெளி இல்லாமல் தட்டுவார்கள், இன்னொரு இடத்தில் கடைசி நாலு எழுத்து கட்டத்துக்குள் அடங்காமல் போய்விடும். கம்ப்யூட்டருக்கு அவர்கள் மூன்று பேர்! அப்புறம் எந்த ஆப்பில் போனாலும் "தகவல் பொருந்தவில்லை" என்றே வரும். ஆகவே கடைக்காரர் தட்டும்போதே திரையைக் காட்டச் சொல்லி, அட்டையில் உள்ளபடியே எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். இடைவெளி எங்கே விழுந்தது என்பதையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கூச்சப்படவே வேண்டாம், அவர்களுக்கும் இது பழக்கம்தான்.

சரி, இப்போது ஆப்புக்கு வருவோம். மேப்புக்கு நேவர் என்கிற கொரிய நிறுவனத்தின் நேவர் மேப். கூகுள் மேப் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, பஸ், ரயில் காட்டும். ஆனால் நடந்து போகவும் கார் ஓட்டவும் வழி காட்டுவதில் இங்கே அது பல வருடங்களாக முடம். காரணம் தொழில்நுட்பம் இல்லை. வடகொரியாவோடு 1953-இல் வந்தது போர்நிறுத்தம் மட்டுமே, சமாதான ஒப்பந்தம் இன்னும் இல்லை. அதனால் 1:5000 அளவில் இருக்கும் துல்லியமான வரைபடத் தரவை அனுமதியில்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. 2016-இல் கூகுள் கேட்டது, அரசு மறுத்துவிட்டது. 2025-இல் மறுபடியும் கேட்டது. அனுமதி கிடைத்தாலும் நான் நேவரைத்தான் சொல்வேன். ரயிலில் எத்தனையாவது பெட்டியில் ஏறினால் மாறும் இடத்தில் படிக்கட்டுக்கு நேராக இறங்கலாம் என்பதுவரை அது சொல்லும். தேஜானில் மெட்ரோ ஒரே ஒரு லைன்தான், பஸ்தான் உங்களுக்குக் கதி. எந்த பஸ் இன்னும் எத்தனை நிமிடத்தில் வரும் என்று அதில் பார்த்துவிட்டு அறையை விட்டுக் கிளம்பினால் போதும், குளிர்காலத்தில் அதன் அருமை தெரியும்.

ஒரு சின்ன விஷயம். நேவரில் கடையின் பெயரை ஆங்கிலத்தில் தேடினால் பல நேரம் கிடைக்காது, ஆளாளுக்கு ஒரு ஸ்பெல்லிங். கடையின் போன் நம்பரைப் போட்டுத் தேடுங்கள், நேராக அங்கேயே கொண்டுபோய் நிறுத்தும்.

மொழிபெயர்க்க பாப்பகோ. அதுவும் நேவர் நிறுவனத்துடையதுதான். தமிழ் கிடையாது, ஆங்கிலத்திலிருந்து போகவேண்டும். கொரிய மொழியில் மரியாதை வடிவம் ரொம்ப முக்கியம், அதற்கென்று அதில் ஒரு பொத்தான் இருக்கிறது. பேராசிரியருக்கு மெசேஜ் எழுதும்போது அதைப் போட மறந்துவிடாதீர்கள். சாப்பாட்டு விஷயத்துக்கும் இதுதான் துணை. பாக்கெட்டின் பின்பக்கம் பொருள் பட்டியலுக்குக் கீழே தனிக் கட்டத்தில் ஒவ்வாமைப் பொருள்களைப் போட்டிருப்பார்கள். இந்த நாட்டுச் சட்டப்படி அந்தப் பட்டியலில் பால், முட்டை, கோதுமையோடு மாட்டிறைச்சி, பன்றி, கோழி, இறால், கணவாய் எல்லாம் வரும். கேமராவை அந்தக் கட்டத்தின் மேல் மட்டும் காட்டினால் போதும். பாக்கெட்டின் முன்னால் வெறும் காய்கறி படம் போட்ட நூடுல்ஸின் மசாலாப் பொடியில் மாட்டிறைச்சிச் சாறு இருக்கலாம். வேண்டாம் என்கிறவர்கள் படத்தை நம்பாதீர்கள், கட்டத்தைப் படியுங்கள். ஆனால் மீன் என்றால் இந்தப் பட்டியலில் கானாங்கெளுத்தி மட்டும்தான் வரும். நெத்திலி கட்டத்தில் இருக்காது, சுத்த சைவக்காரர்கள் மேலே உள்ள பொருள் பட்டியலையும் காட்டித்தான் ஆகவேண்டும்.

மெசேஜ் அனுப்பும் ஆப்பான காக்காவோ டாக் இல்லாமல் இங்கே குப்பை கொட்ட முடியாது. வாட்ஸ்அப் நாம் வீட்டுக்குப் பேச மட்டும்தான். லேப் குரூப், வீட்டு ஓனர், கூரியர்காரர் எல்லோரும் காக்காவோதான். 2022 அக்டோபரில் பாங்யோவில் ஒரு டேட்டா சென்டர் தீப்பிடித்து இது நின்றபோது டாக்சி கூப்பிடுவதும் பணம் அனுப்புவதும் சேர்ந்து நின்றன. நாட்டு ஜனாதிபதியே அதைப் பற்றிப் பேசவேண்டி வந்தது. ஒரு நிறுவனத்தின் கையில் இவ்வளவு கொடுத்திருப்பது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, ஆனால் வேறு வழியும் இல்லை.

டாக்சிக்கு காக்காவோ டி, ரயிலுக்கு கோரெயில் டாக், பொருள் வாங்க கூபாங், வீட்டுக்குப் பணம் அனுப்ப ஹான்பாஸ் அல்லது சென்ட்பி. இதெல்லாம் வந்து பழகிக்கொள்ளலாம்.

கிளம்புவதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. உங்கள் இந்திய சிம்மை அணைத்துவிடாதீர்கள். பேங்க் ஓடிபி அதில்தான் வரும். ரோமிங்கில் எஸ்எம்எஸ் வருகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், கொரிய நம்பரை இ-சிம்மாகப் போட்டுக்கொள்ளலாம். சில கொரிய ஆப்கள் இந்தியக் கணக்கில் ஸ்டோரில் தெரியாது. அதற்காக அவசரப்பட்டு பிளே ஸ்டோரில் நாட்டை மாற்றாதீர்கள், வருடத்துக்கு ஒரு முறைதான் மாற்ற விடுவார்கள். தனியாக ஒரு புதுக் கணக்கைத் திறந்து அதில் வைத்துக்கொள்வதே நல்லது.

அப்புறம், வந்த வாரத்திலேயே போன் திடீரென்று அலறும். பயப்பட வேண்டாம், அரசு அனுப்பும் எச்சரிக்கை. கடும் வெயில், பனி, சில நேரம் காணாமல் போன முதியவரின் உயரமும் சட்டை நிறமும். கொரியனில் வருவதால் எமர்ஜென்சி ரெடி என்கிற அரசு ஆப்பைப் போட்டுக்கொண்டால் ஆங்கிலத்தில் படிக்கலாம்.

அப்பா அம்மாவுக்கு வருவோம். நேவர் மேப், பாப்பகோ, காக்காவோ டாக், டாக்சிக்கு இந்தியாவில் வைத்திருக்கும் அதே ஊபர். இங்கே ஊபரில் வருவது பெரும்பாலும் சாதாரண டாக்சிதான். பஸ், ரயிலுக்கு டி-மணி கார்டு, கன்வீனியன்ஸ் ஸ்டோர்களில் கிடைக்கும், பெரும்பாலும் ரொக்கம் கொடுத்துத்தான் பணம் ஏற்றவேண்டும். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதும் கார்டைத் தட்டச் சொல்லுங்கள். அப்படித் தட்டினால்தான் 30 நிமிடத்துக்குள் அடுத்த வண்டியில் ஏறும்போது சலுகை கிடைக்கும், நம்மவர்கள் இதைத்தான் மறப்பார்கள். செலவுக்கு ஆரஞ்சு நிற மெஷினில் டாலரைப் போட்டு வாவ்பாஸ் என்கிற ப்ரீபெய்டு கார்டு எடுக்கலாம். அதற்குள்ளேயும் டி-மணி உண்டு, ஆனால் அந்தக் கணக்கு தனி. கார்டில் பணம் இருக்கிறதே என்று பஸ்ஸில் ஏறினால் தட்டும்போது போகாது.

மூன்று நம்பரை இப்போதே அவர்கள் போனில் பதிந்துவிடுங்கள். ஆம்புலன்ஸ், தீ என்றால் 119. போலீஸ் 112. வழி தெரியவில்லை, டாக்சிக்காரரிடம் பேசத் தெரியவில்லை என்றால் 1330, சுற்றுலாத் துறையின் உதவி எண், 24 மணி நேரமும் ஆங்கிலத்தில் பேசுவார்கள். போனை டாக்சிக்காரரிடம் கொடுத்தால் அவரிடம் கொரியனில் விளக்கியும் சொல்வார்கள்.