வெயில் ஆகாத பூச்சி: ஐஸ் கிராலர்

சாதாரணமா குளிர் ஏற ஏற பூச்சிங்க ஒடுங்கிப்போகும், வெயில் அடிச்சாதான் அதுங்களுக்கு உசுரே வரும். இது அப்படியே உல்டா. ஜீரோ டிகிரிக்கு கொஞ்சம் மேல இருந்தாதான் ஜாலியா நடமாடும், நீங்க ஆசையா உள்ளங்கையில கொஞ்ச நேரம் வச்சிருந்தீங்கன்னா அந்த சூட்டுக்கே செத்துப்போயிடும்.

(திரையில்: பனி மேல ஊர்ற பூச்சி, க்ளோசப்)

நல்லா பாருங்க. வெளிறிப்போன மஞ்சள் உடம்பு, நீளம் ரெண்டு மூணு சென்டிமீட்டர்தான், ரெக்கை சுத்தமா கிடையாது, கண்ணும் சின்னது, முன்னாடி நீளமா மீசை, பின்னாடி வாலு மாதிரி ரெண்டு. பாதி சில்வண்டு, பாதி கரப்பான்னு தோணும். 1913-ல கனடாவுல பான்ஃப் பக்கத்துல சல்ஃபர் மலையில பூச்சி ஆராய்ச்சியாளர் எட்மண்ட் வாக்கரும் கூட இருந்தவரும் இத கண்டுபிடிச்சப்போ அவங்களுக்கும் இதே குழப்பம்தான். அடுத்த வருஷமே கிரில்லோபிளாட்டா கேம்போடியிஃபார்மிஸ்னு வாய்ல நுழையாத ஒரு பேர வச்சு, தனி குடும்பமாவே பிரிச்சுட்டாங்க.

சரி, குளிர்னா எவ்ளோ வேணா தாங்குமான்னா, அதுவும் இல்ல! மைனஸ் 10 டிகிரிகூட தாங்காது, உடம்பு உறைஞ்சு போயிடும். அதனால கடுங்குளிர்ல பாறை இடுக்குக்குள்ள, பனிக்கு அடியில போயி பதுங்கிக்கும், மேல எவ்ளோ குளிர் அடிச்சாலும் பனிப்போர்வைக்கு கீழ அவ்வளவா இறங்காதுல்ல.

சாப்பாடு எப்படின்னா, கீழ பள்ளத்தாக்குல இருக்குற பூச்சிங்கள காத்து அப்படியே தூக்கிட்டு வந்து பனி மேல போட்டுடும், அதுங்க விறைச்சுப்போயி அசைய முடியாம கெடக்கும், ராத்திரி ஆனதும் நம்மாளு வெளிய வந்து பொறுக்கித் தின்னுக்குவாரு. உக்காந்த இடத்துக்கே டெலிவரி! ஆனா வளர்றது ரொம்ப ரொம்ப ஸ்லோ, முட்டையில இருந்து முழுசா வளர அஞ்சு வருஷத்துக்கு மேலகூட ஆகும்.

எனக்கு இதுல பெரிய விஷயமா படுறது வேற. ரெக்கை இல்ல, சூடும் ஆகாது, அப்போ ஒரு மலையில இருந்து இன்னொரு மலைக்கு எப்படி போறது? நடுவுல இருக்குற பள்ளத்தாக்கு சூட்ட தாண்ட முடியாது. அதனால அங்கங்க தனித்தனியா மாட்டிக்கிட்டு வேற வேற இனமா பிரிஞ்சிருக்கு. பூமி சூடாக சூடாக மேல ஏறித்தான் தப்பிக்கணும், உச்சிக்கு மேல எங்க ஏறுறது?

எல்லாமே மலை உச்சியிலதான் இருக்குன்னும் இல்ல. வடக்கு கலிஃபோர்னியாவுல லாவா பெட்ஸ்னு ஒரு இடம், வெளிய கோடையில வறண்டு காயும், ஆனா எரிமலைக் குழம்பு ஓடி உண்டான குகைங்க சிலதுல உள்ள ஐஸ் இருக்கு. கிரில்லோபிளாட்டா கர்னேயிங்கிற இனம் குடியிருக்குறது அந்த குகைங்கள்லதான்.